நூலகத்து ஸ்கேன் கோப்புகளுக்கு எந்த டிஸ்க்?

கேள்வி சுருக்கமாக இது. ஓர் ஊர் நூலகத்தின் பழைய இதழ்களையும் விழா மலர்களையும் ஸ்கேன் செய்ததில் சுமார் 400 ஜிபி கோப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. இன்னொன்றை 20, 30 வருடம் தாங்கும் டிஸ்க்கில் எழுதி வைக்க வேண்டும். ‘ஆயிரம் வருடம்’ என்று சொல்லி விற்கும் எம்-டிஸ்க் வாங்குவதா, தங்கப்பூச்சு டிவிடியா, சாதாரண ப்ளூ-ரேயே போதுமா? 2005 வாக்கில் எழுதிய சிடிக்கள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

முதலில் நேரான பதில். 25 ஜிபி கொள்ளளவுள்ள ஒற்றை அடுக்கு பிடி-ஆர், அதாவது ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ப்ளூ-ரே, வாங்குங்கள். அது கரிமச் சாயம் இல்லாத எச்டிஎல் வகையாக இருக்க வேண்டும். ஒரு டிஸ்க்குக்கு 20 ஜிபி கோப்பு, மீதி இடத்தில் பிழைதிருத்தத் தரவு என்று வைத்தால் 20 டிஸ்க் ஆகும். இரண்டு செட்டுக்கு 40. இரண்டு செட்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து எழுதாதீர்கள். ஒரு செட் எம்-டிஸ்க், இன்னொரு செட் வேறொரு தொழிற்சாலையில் தயாரான சாதாரண எச்டிஎல் டிஸ்க் என்று வைத்துக்கொண்டால், ஒரு தயாரிப்புத் தொகுதி முழுக்கக் கோளாறானாலும் மற்றது நிற்கும். எம்-டிஸ்க் வாங்க நான் சொல்லும் முக்கியக் காரணம் இதுதான். ஆயிரம் வருடக் கணக்கை நம்பி அல்ல.

அந்த வருடக் கணக்குகள் எப்படி வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. டிஸ்க்கை 80, 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் பல நூறு மணிநேரம் வாட்டி, பிழை கூடும் வேகத்தை அளந்து, அதிலிருந்து சாதாரண அறை நிலைக்குக் கணக்குப் போட்டு நீட்டுகிறார்கள். முறை தவறானதல்ல, ஆனால் நீட்சி மிகப் பெரியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மில்லெனியாட்டா நிறுவனம் கொண்டுவந்த எம்-டிஸ்க் டிவிடி, 2009-இல் சைனா லேக் கடற்படைத் தளத்தில் நடந்த சோதனையில் மற்ற டிவிடிக்களைவிட நன்றாகவே தாங்கியது. ஆனால் 2012-இல் பிரான்சின் தேசிய அளவியல் ஆய்வகம் 90 டிகிரியில், 85 சதவீத ஈரப்பதத்தில் வைத்துப் பார்த்தபோது, அதே எம்-டிஸ்க் டிவிடி சாதாரண டிவிடியைவிடக் கூடுதலாக நிற்கவில்லை. கனடாவின் பண்பாட்டுப் பொருள் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட பட்டியலோ இன்னும் கறாரானது. தங்கப்படலமும் தாலோசயனின் சாயமும் கொண்ட சிடி-ஆருக்கு 100 வருடத்துக்கு மேல், வெள்ளிப்படல டிவிடி-ஆருக்கு 10 முதல் 20, சாதாரண பிடி-ஆருக்கு வெறும் 5 முதல் 10 என்று போட்டிருக்கிறார்கள். ஒரே வகைப் பொருளுக்கு ஒருவர் ஆயிரம் என்கிறார், இன்னொருவர் பத்து என்கிறார். ஆகவே வருடத்தை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எது அதைக் கெடுக்கும் என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சாதாரண சிடி, டிவிடிக்களில் பதிவாகும் இடம் ஒரு கரிமச் சாயப் படலம். சயனின், ஏசோ, தாலோசயனின் என்று மூன்று வகை புழக்கத்தில் இருந்தன. மூன்றில் வெளிச்சத்துக்கு அதிகம் தாக்குப்பிடிப்பது தாலோசயனின். சாயத்துக்கு மேல் வெள்ளி அல்லது தங்கப் படலம் இருக்கும். தங்கம் கறுக்காது, வெள்ளி கந்தகத்தால் கறுக்கும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான இசை சிடிக்கள் பல பழுப்பாகிப் போனதற்குக் காரணம் இதுதான். உள்ளே வைத்த காகிதப் புத்தகத்தின் கந்தகம் மேல்பூச்சைத் தாண்டி வெள்ளியைத் தின்றுவிட்டது. நூலகத்தில் டிஸ்க் வைப்பவருக்கு இந்தச் சங்கதி முக்கியம். பழைய செய்தித்தாள் கட்டுகளோடும் ரப்பர் பேண்டோடும் ஒரே அலமாரியில் டிஸ்க்கை வைக்கக் கூடாது. ரப்பரிலும் கந்தகம் உண்டு.

அப்படியானால் தங்க டிவிடி நல்லதல்லவா? வெள்ளி கறுக்கும் சிக்கலைத் தங்கம் தீர்க்கிறது, உண்மை. ஆனால் டிவிடி என்பது 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டு விட்டாலோ சாயம் வெளிறினாலோ தங்கம் ஒன்றும் செய்ய முடியாது. பார்வைக்குப் பொன்னிறமாக இருப்பதெல்லாம் தங்கமும் அல்ல, சாயத்தின் நிறமே அப்படி இருக்கலாம். போதாக்குறைக்கு 400 ஜிபிக்கு 4.7 ஜிபி டிவிடி என்றால் பிழைதிருத்தத்துக்கு இடமே விடாமல் 86 டிஸ்க் வேண்டும். இரண்டு செட்டுக்கு 172. யாரும் வருடாவருடம் அத்தனையையும் போட்டுப் பார்க்கப் போவதில்லை. சிடியில் என்றால் 570-ஐத் தாண்டும், அதைப் பேசவே வேண்டாம்.

ப்ளூ-ரே வேறு கதை. எச்டிஎல் வகை பிடி-ஆரில் சாயமே கிடையாது. உதாரணமாக டிடிகே வகுத்த முறையில் தாமிரப் படலமும் சிலிக்கான் படலமும் அடுத்தடுத்து இருக்கும். லேசர் சூடேற்றிய இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கலவையாகி, ஒளியைக் குறைவாகப் பிரதிபலிக்கும். பானாசோனிக் டெலூரியம் ஆக்சைடும் பல்லேடியமும் பயன்படுத்தியது. வெயில் பட்டு வெளிற இதில் சாயம் இல்லை. இதற்கு மாறானது எல்டிஎச் வகை. பழைய டிவிடி ஆலைகளில் மலிவாகச் செய்யலாம் என்பதற்காகக் கரிமச் சாயத்தைத் திரும்பக் கொண்டுவந்த ப்ளூ-ரே அது. சேமிப்புக்கு அதைத் தொடவே வேண்டாம். உறையில் எல்டிஎச் என்று அச்சிட்டிருப்பார்கள். எழுதும் பக்கம் எச்டிஎல்லில் பெரும்பாலும் கருஞ்சாம்பல் அல்லது கரும்பழுப்பாக இருக்கும், எல்டிஎச்சில் மஞ்சள் கலந்த பொன்னிறமாக இருக்கும்.

50 ஜிபி இரட்டை அடுக்கும், 100 ஜிபி மூன்றடுக்கு எக்ஸ்எல் டிஸ்க்கும் எண்ணிக்கையைக் குறைக்கும் என்று ஆசை காட்டும். அடுக்கு கூடக்கூட, மேலடுக்கைத் துளைத்துக்கொண்டு கீழடுக்கைப் படிக்க வேண்டும். பிழைக்கு இருக்கும் விளிம்பு சுருங்கும். ஒரு டிஸ்க் போனால் போகும் அளவும் பெரிது. 400 ஜிபிக்கு அது தேவையில்லை. ஆர்இ என்று முடியும், திரும்பத் திரும்ப எழுதக்கூடிய வகையும் வேண்டாம். தெரியாமல் யாரும் அழித்துவிட முடியாது, வைரஸ் பூட்டிவிட முடியாது, இடி இறங்கினாலும் எரியாது என்பதற்காகத்தானே டிஸ்க்குக்கு வருகிறோம்!

வாங்கும்போது உறையில் உள்ள பிராண்ட் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பிராண்ட் ஒன்று, செய்த ஆலை வேறொன்று என்பது இந்தத் துறையில் சகஜம். தையோ யூடன் 2015-இல் டிஸ்க் தொழிலை விட்டது. வெர்பேட்டிம் 2019-இல் மிட்சுபிஷி கெமிக்கலிடமிருந்து தைவானின் சிஎம்சி மேக்னடிக்ஸ் கைக்குப் போனது. கிரேட்டர் நொய்டாவில் உலக அளவில் டிஸ்க் செய்த மோசர் பேயரும் 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. பழைய நல்ல பெயரை வைத்து இன்றைய டிஸ்க்கை எடைபோட முடியாது. டிஸ்க்கின் உள்வட்டத்தில் ஆலையே பதித்து அனுப்பும் மீடியா ஐடி உண்டு. டிரைவில் போட்டு இம்க்பர்ன் மென்பொருளைத் திறந்தால் வலதுபக்கம் அது தெரியும். பானாசோனிக் என்றால் எம்இஐ என்று தொடங்கும். சிஎம்சி, ரிடெக் போன்றவை தங்கள் பெயரையே போடும். எம்-டிஸ்க் என்றால் மில்லென் என்று தொடங்கும் ஐடிதான் ஆரம்பத்தில் இருந்தது. 2022 வாக்கில் அதே உறையில் வெர்பேட்டிமின் சாதாரண டிஸ்க் ஐடி வருவதை வாங்கியவர்கள் கவனித்துக் கேட்டார்கள். நிறுவனமோ தரத்தில் மாற்றமில்லை என்றது. எப்படியானாலும், இரண்டு செட்டும் வெவ்வேறு ஐடியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும். ‘எம்-டிஸ்க் ஒன்று, சாதாரணம் ஒன்று’ என்று வாங்கி, இரண்டும் ஒரே ஐடியாக இருந்தால் காசுதான் வீண்.

டிரைவைப் பொறுத்தவரை, எம்-டிஸ்க் டிவிடிக்குத்தான் கூடுதல் சக்தியுள்ள தனி ரைட்டர் வேண்டும். எம்-டிஸ்க் ப்ளூ-ரேயை எந்த ப்ளூ-ரே ரைட்டரும் எழுதும். கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் பெரிய சாட்டா டிரைவே நல்லது. லேப்டாப்புக்கான மெலிந்த யூஎஸ்பி டிரைவ் ஒரே போர்ட்டில் போதிய மின்சாரம் கிடைக்காமல் பாதியில் நின்றுவிடலாம். டிஸ்க் மோசம் என்று தூக்கிப்போடும் பல சமயம் குற்றம் கேபிள் மீதுதான் இருக்கும். யூஎஸ்பி ஹப் வழியாகவும் எழுதாதீர்கள்.

எழுதும் முன் கோப்புகளை ஒழுங்கு செய்வதில் நேரம் செலவழியுங்கள். ஒவ்வொரு 20 ஜிபிக்கும் ஒரு ஃபோல்டர். அதில் எல்லாக் கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் அடையாள எண்) பட்டியல் ஒன்றும், மொத்தம் 20 டிஸ்க்கில் எதில் என்ன இருக்கிறது என்ற சாதாரண டெக்ஸ்ட் கோப்பு ஒன்றும் இருக்கட்டும். அந்த மொத்தப் பட்டியல் எல்லா டிஸ்க்கிலும் இருக்க வேண்டும். 15 வருடம் கழித்து 7-ஆம் டிஸ்க் மட்டும் கையில் இருப்பவருக்கு மற்றவற்றில் என்ன இருந்தது என்றாவது தெரியும். ஜிப், ரார் என்று ஒரே பெரிய மூட்டையாகக் கட்டாதீர்கள், ஒரு செக்டர், அதாவது டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு, போனால் மூட்டையே திறக்காமல் போகலாம். ஸ்கேன் செய்த டிஃப் படக் கோப்புகளை அப்படியே வையுங்கள்.

பிறகு ஃபோல்டரை நேராக எழுதாமல் யூடிஎஃப் கோப்பு முறையில் முதலில் ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது முழு டிஸ்க்கையும் அடக்கிய ஒரே கோப்பாக, செய்யுங்கள். டிவிடிசாஸ்டர் என்ற இலவச மென்பொருளில் அந்த இமேஜைத் திறந்து, ஆர்எஸ்03 முறையில் பிழைதிருத்தத் தரவைச் சேர்க்கச் சொன்னால், டிஸ்க்கில் மிச்சமிருக்கும் சுமார் 5 ஜிபியை அது நிரப்பிக்கொள்ளும். டிஸ்க் முழுக்க ஆங்காங்கே பரவலாக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செக்டர் படிக்க முடியாமல் போனாலும் மீட்கலாம் என்பது இதன் கணக்கு. பார்2 கோப்புகளும் இதே வேலையைச் செய்யும், பயன்படுத்தவும் எளிது. ஆனால் பார்2 கோப்பு அளவில் வேலை செய்வது. டிஸ்க்கின் கோப்புப் பட்டியல் இருக்கும் பகுதியே கெட்டால் பார்2 கோப்பையே திறக்க முடியாது. டிவிடிசாஸ்டர் செக்டர் அளவில் வேலை செய்வதால் பட்டியலையும் சேர்த்து மீட்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டிஸ்க்கில் கெட்ட இடங்களுக்கு மாற்றாக ஸ்பேர் ஏரியா ஒதுக்கி ஃபார்மேட் செய்தால் கொள்ளளவு குறைந்து, முழு அளவுக்கு நிரப்பிய இமேஜ் உள்ளே போகாது. அந்த ஒதுக்கீட்டை அணைத்துவிட்டு எழுதுங்கள்.

எழுதும் வேகம் 4 எக்ஸ். மெதுவாக எழுதினால் ஆழமாகப் பதியும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அது தவறு. ஒவ்வொரு மீடியா ஐடிக்கும் எந்த வேகத்தில் லேசர் எப்படித் துடிக்க வேண்டும் என்பது டிரைவின் ஃபர்ம்வேரில் (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளில்) இருக்கும். அது நன்றாகச் சரிசெய்யப்பட்டிருப்பது பெரும்பாலும் நடு வேகங்களில்தான். உச்ச வேகத்தில் வெளிவிளிம்பு தடுமாறும். ஆகவே 6 எக்ஸ் என்று போட்ட டிஸ்க்குக்கு 4 எக்ஸ். ஒரே அமர்வில் எழுதி மூடிவிடுங்கள், பிறகு சேர்க்கலாம் என்று திறந்து வைக்காதீர்கள். ப்ளூ-ரேயில் 1 எக்ஸ் என்பது நொடிக்கு 4.5 எம்பி, எனவே 4 எக்ஸில் ஒரு முழு டிஸ்க்குக்கு 23 நிமிடம் ஆகும். சரிபார்ப்பையும் சேர்த்து முக்கால் மணி என்று வைத்தால் 40 டிஸ்க்குக்கு 30 மணிநேரம். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல் நாளைக்கு ஆறு என்று எழுதினால் ஒரு வாரத்தில் முடியும். டிரைவும் சூடேறாது.

எழுதி முடித்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்து, முடிந்தால் வேறொரு டிரைவில் போட்டு முழுவதும் படித்து, செக்சம் ஒப்பிடுங்கள். எழுதிய டிரைவ் தன் கையெழுத்தைத் தானே படித்துவிடும். அடுத்தவர் படிக்கிறாரா என்பதுதான் சோதனை. படிக்கும் வேகத்தின் வரைகோட்டையும் பாருங்கள். உள்ளிருந்து வெளியே போகப்போகக் கோடு வழுவழுப்பாக ஏற வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால், செக்சம் சரியாக இருந்தாலும், அந்த இடத்தில் டிரைவ் திணறித் திரும்பப் படித்திருக்கிறது என்று பொருள். அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதுங்கள். சில டிரைவ்கள், குறிப்பாக லைட்-ஆன் தயாரிப்புகள், பிழை எண்ணிக்கையையே சொல்லும். ப்ளூ-ரேயில் எல்டிசி எனும் பிழைக் கணக்கின் சராசரி 13-ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக வைத்திருக்கும் கோடு. எண்ணைவிட அது வருடாவருடம் ஏறுகிறதா என்பதே முக்கியம் என்பதால், முதல் நாள் அளவைக் குறித்து வையுங்கள்.

மேல்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. பசை இழுக்கும், சுற்றும்போது எடை ஒருபக்கம் சாயும், பிறகு உரித்தால் படலத்தோடு வரும். ஸ்பிரிட் வாசம் வரும் மார்க்கர் வேண்டாம். நீர் மை கொண்ட டிஸ்க் பேனாவால், நடுத்துளையைச் சுற்றிய தெளிந்த வளையத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். ப்ளூ-ரேயில் தரவு இருப்பது அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில். அந்தப் பரப்பில் கடினப் பூச்சு இருந்தாலும் மணல் தூசு வேலையைக் காட்டிவிடும். துடைக்க நேர்ந்தால் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாக. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் ஒரே தடத்தின் நெடுகிலும் ஓடும். குறுக்குக் கீறலைப் பிழைதிருத்தம் தாண்டிவிடும், நெடுங்கீறலில் அது தோற்றுவிடும்.

வைப்பதற்கு 10 மி.மீ. தடிமனுள்ள கெட்டி ஜுவல் கேஸ், செங்குத்தாக. காகித உறையும் மெத்தென்ற பிவிசி ஆல்பமும் வேண்டாம். எடுக்கும்போது நடுக்குமிழை அழுத்தித் தூக்குங்கள், விளிம்பைப் பிடித்து வளைத்து இழுக்காதீர்கள். அமெரிக்கத் தர நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி 4 முதல் 20 டிகிரியும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் கேட்கிறது. சென்னை, நாகை போன்ற கடலோர ஊரில் குளிரூட்டாத அறையில் இது நடக்காது. வெப்பத்தை விட்டுவிட்டாலும் ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம். ரப்பர் வளையம் இல்லாமல் இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் ஒரு செட் கேஸ்களை வைத்து, 50 கிராம் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பத மீட்டரும் போடுங்கள். மீட்டர் 30-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். 30-க்குக் கீழே போனால் ஒரு பொட்டலத்தை எடுத்துவிடுங்கள், அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் நல்லதல்ல. ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் 110, 120 டிகிரி அவனில் இரண்டு மணிநேரம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். பீரோவில் வைத்தால் மேற்குச் சுவர் ஓரம் வேண்டாம். அந்துருண்டை போட்ட தட்டிலும் வேண்டாம், அதன் ஆவி ஜுவல் கேஸின் பாலிஸ்டைரீனை இளக்கும். ஃப்ரிட்ஜ் என்ற யோசனையும் வரும். வெளியே எடுத்ததும் டிஸ்க்கில் வேர்க்கும், அதோடு அந்த யோசனை முடிந்தது. பகலில் ஏசி போட்டு இரவில் அணைக்கும் அறையைவிட, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் சாதாரண உள்ளறை மேல்.

இரண்டாவது செட் நூலகத்தில் இருக்கக் கூடாது. வேறு கட்டடம், முடிந்தால் வேறு ஊர். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு செட்டிலும் மூன்று டிஸ்க்கை எடுத்து முழுக்கப் படியுங்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும். பிழை ஏறும் டிஸ்க்கை, அது இன்னும் படிக்கும்போதே, புதிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

டிஸ்க்கைவிட எனக்குக் கவலை தருவது டிரைவ். பானாசோனிக் 2023 பிப்ரவரியிலும், சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டன. டிஸ்க் 30 வருடம் நின்று, படிக்க டிரைவ் இல்லாவிட்டால் என்ன பயன்? இப்போதே இரண்டு டிரைவ் வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள். பத்து வருடத்தில் அப்போது எது புழக்கத்தில் இருக்கிறதோ அதற்கு மாற்றும் வேலையையும் நூலகப் பதிவேட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அந்தப் பழைய சிடிப் பெட்டிதான் உண்மையில் முதல் வேலை. புது டிஸ்க் வாங்கக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அவற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு இழுங்கள். சிடியில் சாயமும் வெள்ளியும் இருப்பது எழுத்து அச்சான மேல்பக்கத்தில், மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில். ஆகவே ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காமல் அப்படியே போட்டுப் படியுங்கள். கோப்புகளைக் காப்பி-பேஸ்ட் செய்தால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை 2048 பைட் செக்டர் அளவோடு ஓட்டி இமேஜாக எடுங்கள். முதல் சுற்றில் எளிதாகப் படிப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களை மேப் கோப்பில் அது குறித்துக்கொள்ளும். அதே மேப் கோப்போடு வேறொரு டிரைவில் திரும்ப ஓட்டினால் விட்டுப்போன இடங்களை மட்டும் முயலும். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடப்பதுதான். மூன்று டிரைவில் முயன்றும் வராதது இருந்தால் சிடியைத் தூக்கிப்போடாமல், எந்தெந்தக் கோப்பில் ஓட்டை என்று மட்டும் குறித்து, அந்தப் பக்கங்களைத் தாளிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.